அமெரிக்காவில் துப்பிய எச்சிலும் காரைக்குடி வீட்டுக் கணக்கும்: பரம்பரைப் புற்றுநோய் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது?

மகள் பேறுகாலத்துக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் ஆச்சிமார் முன்பெல்லாம் பாதாம்பருப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இப்போது சிலர் ஒரு ரிப்போர்ட்டும் கொண்டுவருகிறார்கள். மருமகன் ஆன்லைனில் வாங்கி வைத்த சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு டியூப். கோடு வரை எச்சிலைத் துப்பி, மூடி அனுப்பினால் சில வாரத்தில் போனில் முடிவு வந்துவிடும். பூர்வீகம் எங்கே, பால் செரிக்குமா, கொத்தமல்லி சிலருக்கு மட்டும் சோப்பு மாதிரி மணப்பது ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு நடுவில் ஒரு பக்கம், மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் பற்றி.

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நான் மருத்துவர் இல்லை. காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டிலேயே இந்த ரிப்போர்ட் ஒரு பெரிய குழப்பத்தை உண்டாக்கி, அதைத் தீர்க்க ஒரு வருடம் அலைந்தோம் என்பதுதான் என் தகுதி. வரும் கேள்விகள் மூன்று விதம்.

"ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது டீச்சர். எங்கள் ஆத்தாவுக்கு நாற்பத்து நாலில் மார்பில் வந்தது. நான் நிம்மதியாக இருக்கலாமா?"

"மகன் அந்தக் கோப்பை இறக்கி வேறொரு தளத்தில் ஏற்றிப் பார்த்தான். சிவப்பில் காட்டுகிறது. தூக்கம் போய்விட்டது."

"மாற்றம் இருக்கிறது என்றே வந்திருக்கிறது. மதுரையா, சென்னையா? யாரைப் பார்ப்பது?"

மூவருக்கும் முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். ரிப்போர்ட்டை அப்படியே நம்பி விட்டுவிடுவது, அதன் கச்சாத் தரவைத் தோண்டுவது, இங்கேயே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தில் முழுப் பரிசோதனை செய்வது, மரபணு ஆலோசகரிடம் போய் நோய் வந்தவரிலிருந்து தொடங்குவது, குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணு மாற்றத்தை மட்டும் தேடிப் பார்ப்பது.

எதை வைத்து எடைபோடுவது

அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை. நூறு புற்றுநோயில் ஐந்திலிருந்து பத்து வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறால் வருபவை. மற்றவை வயதாலும் புகையாலும் வேறு பல காரணங்களாலும் வருகின்றன. ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அது பரம்பரை என்று ஆகிவிடாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ஐம்பதுக்குள் வருவது, ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வருவது, ஒருவருக்கு மார்பிலும் அவர் தங்கைக்குச் சினைப்பையிலும் வருவது, ஆணுக்கே மார்பகப் புற்றுநோய் வருவது. பெருங்குடலும் கருப்பையும் சேர்ந்து வரும் குடும்பம் வேறு வகை, அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர்.

எல்லோருக்கும் காதில் விழுந்திருக்கும் மரபணுப் பெயர்கள் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. முதலாவது 1994-லும் அடுத்தது 1995-லும் கண்டுபிடிக்கப்பட்டன. 2017-இல் வந்த பெரிய ஆய்வின்படி, பிஆர்சிஏ1 பழுதான பெண்களில் எண்பது வயதுக்குள் 100-க்கு 72 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய். பிஆர்சிஏ2-வில் அது 69, 17. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. மகனா மகளா என்று அது பார்ப்பதில்லை. இதை வகுப்பில் எத்தனை தரம் சொல்லியும் "பொம்பளை வியாதி பொம்பளை வழியாத்தானே வரும் டீச்சர்" என்று கேட்கும் பையன் ஒருவன் வருடா வருடம் இருந்தான்.

சரி, அளவுகோல்கள். எந்த வழியானாலும் நான் கேட்கச் சொல்வது இவை:

மரபணுவில் எத்தனை இடத்தைப் படித்தார்கள்? படித்ததைச் சரியாகப் படித்தார்களா? "இருக்கிறது" என்றால் அதை நம்பி மருத்துவர் ஒரு முடிவு எடுப்பாரா? "இல்லை" என்றால் அது உண்மையிலேயே இல்லையா, அல்லது தேடவே இல்லையா? அப்புறம், ரசீதில் வராத செலவு என்ன?

நாலாவது கேள்விதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் தவறியது.

வழி 1: வந்த ரிப்போர்ட்டை அப்படியே எடுத்துக்கொள்வது

ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டிதான் நம் ஊர்க்காரர்கள் கையில் அதிகம் பார்க்கிறேன். 2018 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தபோது, பிஆர்சிஏ மரபணுக்களில் மூன்றே மூன்று மாற்றங்களைச் சொல்லத்தான் அனுமதித்தது. அந்த மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம். அவர்களில் ஏறத்தாழ நாற்பதில் ஒருவருக்கு அவற்றில் ஒன்று இருக்கும். 2023-இல் அந்த மூன்று 44 ஆனது. இந்த இரண்டு மரபணுக்களில் நோய் தரும் மாற்றங்களாக அறியப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களின் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பப் பதிவு, முழுவதும் ஒரே புத்தகமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதில் நாற்பத்து நாலு வரியை மட்டும் பார்த்துவிட்டு, "உங்கள் அய்யா பெயர் இந்தப் புத்தகத்தில் இல்லை" என்கிறார். அவர் பார்த்த வரிகளில் இல்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் அவர் சொன்னதில் ஒன்றுமில்லை. இதை அந்த ரிப்போர்ட்டே சின்ன எழுத்தில் சொல்லியிருக்கும். பச்சை நிறத்தைப் பார்த்த கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை.

எங்கள் ஆச்சி, அதாவது உடன்பிறந்த மூத்தவர், டல்லாஸில் மகள் வீட்டில் இருந்தபோது துப்பினார். "மாற்றம் கண்டறியப்படவில்லை" என்று வந்தது. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படத்தோடு சேர்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எங்கள் ஆத்தா 46 வயதில் போனவர். மார்பில் கட்டி இருந்தது என்பதே அவர் போய்ப் பத்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதுவரை வீட்டில் அது "பெரிய வியாதி". அந்த ஒரு ரிப்போர்ட்டோடு நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகிவிட்டோம். நான் உயிரியல் டீச்சர், நானும் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை.

அடுத்த வருடம் பினாங்கில் இருக்கும் சின்னாத்தாவுக்கு, அதாவது ஆத்தாவின் தங்கைக்கு, சினைப்பையில் வந்தது. இன்ன மருந்து அவருக்குப் பலிக்குமா என்று பார்க்க அங்கே மரபணுவை முழுதாகப் படித்தார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு ஓலாபரிப் போன்ற மருந்துகளைக் கொடுக்கலாமா என்பதை முடிவு செய்ய இந்தப் பரிசோதனையும் உதவும். பிஆர்சிஏ1-இல் ஒரு மாற்றம் இருந்தது. ஆச்சியின் எச்சிலில் தேடப்பட்ட பட்டியலில் அது இல்லவே இல்லை.

இந்த வழியில் ரசீதில் வராத செலவு இதுதான், கிடைக்காத நிம்மதியைக் கிடைத்ததாக நினைத்துக்கொள்வது. அந்த நினைப்பில் மேமோகிராம் தள்ளிப்போகும், கட்டி தட்டுப்பட்டாலும் "நமக்குத்தான் இல்லையே" என்று தோன்றும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே ரிப்போர்ட்டில் "இருக்கிறது" என்று வந்தால் அதை லேசாக எடுக்காதீர்கள். "அது யூதர்களுக்கு வருவது, நமக்கு எப்படி?" என்று ஒரு வாசகர் சிரித்து எழுதியிருந்தார். அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற அந்தப் பட்டியலுக்குள் வரும் "இருக்கிறது" பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் மருத்துவ ஆய்வகத்தில் இன்னொரு முறை உறுதி செய்யாமல் எந்த மருத்துவரும் கத்தியைத் தொடக் கூடாது.

ஆக, குடும்பத்தில் இரண்டு பக்கமும் மூன்று தலைமுறைக்குப் புற்றுநோயே இல்லை, வேடிக்கைக்குத்தான் துப்பினேன், ஒன்றும் இல்லை என்று வந்தது என்றால் இந்த வழியே போதும். வயதுக்கு ஏற்ற வழக்கமான பரிசோதனையைச் செய்துகொண்டு வேலையைப் பாருங்கள்.

வழி 2: கச்சாத் தரவை வேறு தளத்தில் ஏற்றிப் பார்ப்பது

பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது நடக்கிறது. நிறுவனம் சொன்ன சில பக்கங்கள் போக, எச்சிலிலிருந்து படித்த லட்சக்கணக்கான எழுத்துகளும் ஒரு கோப்பாகக் கிடைக்கும். அதை வேறொரு தளத்தில் ஏற்றினால் நூறு நோய்களின் பெயரோடு நீளமான பட்டியல் வரும்.

இதில் எனக்குக் கருத்து ஒன்றுதான். வேண்டாம்.

அந்தப் பெட்டிகள் பயன்படுத்தும் சிப், பலருக்கும் பொதுவாக இருக்கும் மாற்றங்களைப் படிக்கச் செய்யப்பட்டது. பல ஆயிரம் பேரை ஒன்றாக வைத்துப் பார்த்து இவர் இந்தக் கூட்டம், அவர் அந்தக் கூட்டம் என்று பிரிப்பதுதான் அதன் முறை. ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் மாற்றத்துக்குக் கூட்டமே கிடையாது, அதனால் தப்பாகப் படித்துவிடும். 2018-இல் இப்படிக் கச்சாத் தரவோடு வந்த 49 பேரை ஒரு மருத்துவ ஆய்வகம் மறுபடி சோதித்தது. தரவில் காட்டிய மாற்றங்களில் 40 சதவீதம் இல்லவே இல்லை. 2021-இல் பிரிட்டனில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரின் சிப் முடிவுகளை முழு வாசிப்போடு ஒப்பிட்டார்கள். பிஆர்சிஏ-வில் நோய் தரும் அரிய மாற்றம் இருப்பதாகச் சிப் சொன்னதில் 100-க்கு 4 தான் உண்மை.

சிவப்பில் காட்டியதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்த அந்த வாசகருக்கு நான் முதலில் எழுதியது இந்த 4 என்ற எண்ணைத்தான். ஆனால் நாலு என்பது பூஜ்யமும் இல்லை. ஏற்கெனவே பார்த்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால், அதையே சாக்காக வைத்து மூன்றாவது வழிக்கோ நாலாவது வழிக்கோ போய்விடுங்கள். அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இலவசம் என்று தோன்றும் இதற்கும் விலை உண்டு. கோப்பு எந்தத் தளத்துக்குப் போனது, அது யார் கையில் இருக்கிறது என்று அப்புறம் பிடிக்க முடியாது. ட்வென்டி த்ரீ அண்ட் மீ போன்ற பெரிய நிறுவனத்திலேயே 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கற்ற அமைப்பே அதை வாங்கியது. அடகுக்கடை கைமாறினால் நகை கைமாறுகிற மாதிரி தரவும் கைமாறும். நகையையாவது மீட்கலாம்.

வழி 3: வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் முழுப் பேனல்

இப்போது காரைக்குடியிலும் தேவகோட்டையிலும்கூட மாதிரி எடுத்துப் பெங்களூருவுக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. இது எச்சில் பெட்டியிலிருந்து வேறு சாதி. பிஆர்சிஏ1, 2 இரண்டையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிக்கிறார்கள். கூடவே லிஞ்சுக்கான எம்எல்எச்1, எம்எஸ்எச்2 முதலிய மரபணுக்களும் பேனலில், அதாவது சேர்த்துச் சோதிக்கும் மரபணுப் பட்டியலில், இருக்கும். கட்டணம் ஐந்து இலக்கத்துக்குப் போகும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் நிறைய வித்தியாசம், பேசினால் குறைக்கிறார்கள் என்பதும் உண்மை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா? மரபணுவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலும், இரட்டிப்பாகியிருந்தாலும் இந்தப் பரிசோதனை கண்டுபிடிக்குமா, அல்லது அதற்கு எம்எல்பிஏ என்று தனியாகக் கட்ட வேண்டுமா? முடிவு வந்த பிறகு ஆலோசகர் போனில் பேசுவாரா, தமிழில் பேசுவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முடிவைப் பதினைந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னார்கள், அவர் "யெஸ் யெஸ்" என்று கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் மரபணுப்படி எந்த உடற்பயிற்சி, எந்த உணவு, எந்தப் புற்றுநோய்" என்று நூறு தலைப்பில் வண்ணப் புத்தகம் தரும் உள்ளூர்ப் பெட்டிகளும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றில் பல முதல் வழியின் தம்பிதான். முழு வாசிப்பா, சிப்பா என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவு பணத்தில் இல்லை. ஆய்வகம் ஒரு மாற்றத்தை ஐந்து தட்டில் ஒன்றில் வைக்கும். நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் தெளியாதது, தீங்கற்றதாக இருக்கலாம், தீங்கற்றது. நடுத் தட்டில் விழுந்தால்தான் தொல்லை. உலகத் தரவுகளில் ஐரோப்பியர்களே அதிகம் என்பதால், நம்மிடம் மட்டும் காணப்படும் சாதாரண மாற்றங்கள்கூட "பொருள் தெளியாதது" என்று வருவது இங்கே கூடுதல். பிற்பாடு தெளிவு வரும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே ஆகின்றன. அதை வைத்து அறுவை செய்யவும் கூடாது, பிள்ளைகளைச் சோதிக்கவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் "வகை மாறியிருக்கிறதா" என்று கேட்டால் போதும்.

"இல்லை" என்று வந்தாலும் ஒரு கொக்கி உண்டு. குடும்பத்தில் நோய் வந்தவரைச் சோதிக்காமல், நோய் வராத உங்களை மட்டும் சோதித்தால், அந்தக் குடும்ப மாற்றம் உங்களுக்கு வரவில்லையா, அல்லது இந்தப் பேனலில் இல்லாத வேறு ஏதோ ஒன்றா என்று சொல்ல முடியாது. நோய் வந்தவர்கள் எல்லோரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள், சோதிக்க ஆள் இல்லை என்கிற குடும்பத்துக்குத்தான் நேராக இந்த வழி.

வழி 4: ஆலோசகரிடம் போய், நோய் வந்தவரிலிருந்து தொடங்குவது

நான் கை காட்டும் வழி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்று தனிக் கிளினிக் உண்டு. வேலூர் சிஎம்சியில் மரபணு மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கிறது. காரைக்குடியிலிருந்து அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை. மதுரை இன்னும் பக்கம், ஆனால் அங்கே போகும் முன் போனில் "மரபணு ஆலோசகர் இருக்கிறாரா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருத்துவர் இருப்பது வேறு, ஆலோசகர் இருப்பது வேறு.

அங்கே முதலில் ரத்தம் எடுப்பதில்லை, பென்சில் எடுக்கிறார்கள். மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைய வேண்டும். இரண்டு பக்கமும், யாருக்கு என்ன, எந்த வயதில். ஒரு மணி நேரம் ஆகும், வீட்டுப்பாடம் செய்து கொண்டுபோனால் அரை மணி.

இந்த வீட்டுப்பாடத்தில் நாம் கில்லாடிகளாக இருக்க வேண்டியவர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்திலிருந்து வந்த ஐந்தொகை, பேரேடு, கல்யாண மொய்ப்பண ஏடு, எவர்சில்வர் கரண்டி வரைக்கும் எழுதிய சாமான் பட்டியல் என்று நூறு வருடத்துக் காகிதம் வீட்டில் இருக்கிறது. கோவிலில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. இத்தனையிலும் ஒரு பெண் எதனால் இறந்தார் என்று எழுதிய ஒரு வரி கிடைக்காது. கிடைப்பதெல்லாம் வாய்ச்சொல்தான்: "வயித்துல கட்டி", "ரத்தப்போக்கு நிக்கலை", "மேலுக்கு முடியாம கிடந்தாக". வயதும் தெரியாது. "உங்க அய்யா சாந்திக்கு முன்னாடியே போயிட்டாக" என்றால் அவருக்கு அறுபது ஆகும் முன் என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு நல்ல இடம் படைப்பு. பங்காளிகள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடி, முன்னோர் பெயரைச் சொல்லிப் படைக்கும் நாள். வயதான ஆச்சிமார் வளவில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கேட்டால் தகப்பன் வழி முழுதும் கிடைத்துவிடும். ஆனால் படைப்பில் தாய் வழி இருக்காது. அம்மான் வீட்டுக்கும் ஆயா வீட்டுக்கும் தனியாகப் போக வேண்டும். எங்கள் கதையில் எல்லாம் ஆயா வீட்டில்தான் இருந்தது.

இன்னொன்று, நம் பக்கம் மட்டும் கவனிக்க வேண்டியது. பிள்ளை கூட்டிக்கொண்ட வீடுகள். கோவில் கணக்கில் சுவீகாரம் போன வீட்டின் வரிசையில்தான் அவர் பெயர் இருக்கும். மரபணு அந்தக் கணக்கைப் பார்க்காது, பெற்ற வீட்டோடுதான் நிற்கும். சுவீகாரம் வந்தவரின் மகள் தன் குடும்ப வரலாறு என்று வளர்த்த வீட்டுக் கதையைச் சொன்னால், ஆலோசகர் வரையும் மரம் முழுதும் தப்பு. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் அந்த அறையில் சொல்லிவிட வேண்டும். அத்தை மகன், அம்மான் மகள் என்று உறவுக்குள் கட்டியிருந்தாலும் சொல்ல வேண்டும். ஒரே மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு உண்டு.

மரம் வரைந்த பிறகு, குடும்பத்தில் யாரை முதலில் சோதிப்பது என்று ஆலோசகர் சொல்வார். பெரும்பாலும் நோய் வந்து உயிரோடு இருப்பவர், அதிலும் இளவயதில் வந்தவர். நம் ஆட்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். "அவுகளுக்குத்தான் வந்துருச்சே, இனி எதுக்கு டெஸ்ட்?" அவருக்கு எந்த எழுத்துப் பிழை என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு எந்தப் பக்கத்தில் எந்த வரியைத் தேடுவது என்று தெரியும்.

இதன் செலவு காலம்தான். சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டும், முடிவுக்கு வாரக் கணக்கு. நோய்ப்பட்டவர் ஒத்துக்கொள்ள வேண்டும். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வழி 5: தெரிந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பது

நாலாவது வழியில் ஒருவருக்கு மாற்றம் தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு இதுதான். முழுப் பேனல் வேண்டாம், அந்த ஒரே இடம். செலவு பேனலில் ஒரு பகுதி. "இல்லை" என்றால் இங்கே மட்டும் அது முழு இல்லை, குடும்பத்தின் அந்த மாற்றம் உங்களுக்கு வரவில்லை. பினாங்கிலிருந்து சின்னாத்தாவின் ரிப்போர்ட்டை வாங்கி, அதில் இருந்த மாற்றத்தின் முழுப் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுத்து, நானும் ஆச்சியும் சோதித்துக்கொண்டோம். எனக்கு இல்லை. ஆச்சிக்கு இருந்தது.

ஒரே பார்வையில்

| வழி | படிப்பது | "இருக்கிறது" என்றால் | "இல்லை" என்றால் | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| எச்சில் ரிப்போர்ட் | பிஆர்சிஏ-வில் சில இடங்கள் | உறுதி செய்ய வேண்டும் | ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை | பொய் நிம்மதி | குடும்பத்தில் நோயே இல்லாதவர் |
| கச்சாத் தரவு | சிப் தொட்ட இடங்கள் | பெரும்பாலும் தப்பு | நம்ப முடியாது | பயம், தரவு பறிபோதல் | யாருக்கும் வேண்டாம் |
| முழுப் பேனல் | மரபணு முழுதும் | நம்பலாம், மருத்துவரிடம் போகவும் | அரைகுறை பதில் | பொருள் தெளியாத மாற்றம் | நோய் வந்தவர் உயிரோடு இல்லாத குடும்பம் |
| ஆலோசகர் வழி | தேவையானதை மட்டும், சரியான ஆளிடம் | அடுத்த அடி என்ன என்பதும் கிடைக்கும் | என்ன அர்த்தம் என்று சொல்வார்கள் | காலம், பயணம், குடும்பப் பேச்சு | நோய் வரலாறு உள்ள எல்லோரும் |
| ஒரே இடம் | தெரிந்த மாற்றம் | உறுதியானது | உறுதியானது | முதலில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் | மாற்றம் தெரிந்த குடும்பம் |

பட்டியலில் அடங்காத செலவுகள்

காப்பீடு. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம், மரபணு முடிவை வைத்து மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் ஆயுள் காப்பீடு அதில் அடங்காது. அங்கே இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்றது. அதையொட்டிக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கோரிக்கையை மறுக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. என் யோசனை, பாலிசி எடுப்பதாக இருந்தால் பரிசோதனைக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், படிவத்தில் கேட்டதற்கு உண்மையையே எழுதுங்கள்.

கல்யாணம். இதை எழுதாமல் விட்டால் நான் காரைக்குடிக்காரி இல்லை. எந்தப் புள்ளிக்கு என்ன வியாதி என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் சின்ன சமூகம் நம்முடையது. "ஜாதகத்தோடு ரிப்போர்ட்டும் கேட்பார்களோ" என்று ஒரு தாய் கேட்டார். இந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு நடைமுறைதான் உண்டு: பதினெட்டு ஆகாத பிள்ளையைச் சோதிக்க வேண்டாம், அதற்கு மேல் அவளே முடிவு செய்யட்டும், முடிவு அவள் கையில் மட்டும் இருக்கட்டும். குடும்ப குரூப்பில் போட வேண்டாம். எங்கள் ஆச்சி முதல் ரிப்போர்ட்டைப் பிள்ளையார் படத்தோடு போட்டதால், இரண்டாவதைப் பற்றி "என்ன ஆச்சு" என்று நாற்பது பேர் கேட்டார்கள்.

அப்புறம் வைத்தியத்தைப் பற்றிய பயம். 2013-இல் ஏஞ்சலினா ஜோலி தனக்குப் பிஆர்சிஏ1 மாற்றம் இருப்பதையும் மார்பகங்களை அகற்றிக்கொண்டதையும் எழுதிய நாளிலிருந்து, இருக்கிறது என்றால் அறுவைதான் என்று ஒரு நினைப்பு நின்றுவிட்டது. மார்பைப் பொறுத்தவரை கண்காணிப்பும் ஒரு வழி: 25 வயதிலிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து. சினைப்பைக்கு அப்படி நம்பகமான கண்காணிப்பு இல்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, பிஆர்சிஏ1-இல் 35 முதல் 40-க்குள்ளும், பிஆர்சிஏ2-வில் 40 முதல் 45-க்குள்ளும் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ2 உள்ள ஆண்கள் 40 வயதிலிருந்து புராஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லிஞ்சின் முக்கிய வகைகளில் 20, 25 வயதிலேயே தொடங்கி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி.

மூன்று கேள்விகளுக்கும் என் பதில்

நாற்பத்து நாலு வயதில் தாய்க்கு வந்த மகளுக்கு: பச்சை ரிப்போர்ட்டை மறந்துவிடுங்கள். உங்கள் ஆத்தா இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அவர்களை அழைத்துக்கொண்டு நாலாவது வழிக்குப் போங்கள். சிவப்பைப் பார்த்தவருக்கு: உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்கிறீர்கள், மூன்றாவது வழியில் அந்த மரபணுவை மட்டும் உறுதி செய்துவிட்டுத் தூங்குங்கள். இருக்கிறது என்று வந்தவருக்கு: அடையாறோ வேலூரோ, எது சீக்கிரம் நாள் கொடுக்கிறதோ அது. புதிய ரத்தத்தில் உறுதியான பிறகு உடன்பிறந்தவர்களுக்கு ஐந்தாவது வழி.

ஆச்சிக்கு வயது அறுபத்து மூன்று. சினைப்பையை எடுத்துக்கொண்டார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லவனில் போய் மார்பைக் காட்டிவிட்டு வருகிறார். டல்லாஸ் மகள் ஒரே இடத்தைச் சோதித்துக்கொண்டாள், முடிவை எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். "ஆம்பளைக்கு எதுக்கு ஆத்தா அதெல்லாம்" என்று போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மாற்றத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சின்னாத்தாவின் ரிப்போர்ட் நகலோடு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வைகாசியில் அவன் படைப்புக்கு வருகிறான்.